வெந்தயமும் சர்க்கரை மாத்திரையும் சேரும்போது

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் க்ளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். சில வாரங்களாக இரண்டு ஸ்பூன் வெந்தயத்தை இரவே ஊறவைத்து, காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடுகிறார். இப்போது பதினொரு மணிவாக்கில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டுகிறது. வெந்தயம்தான் காரணமா? கர்ப்பமாக இருக்கும் என் தங்கையும் இதைச் சாப்பிடலாமா?

பதில்: காரணமாக இருக்கலாம். நடுக்கம் வந்ததும் குளூக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கருவி இல்லையென்றால் யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள்.

வெந்தயத்தில் இருக்கும் வழவழப்பான நார்ச்சத்து, உணவிலுள்ள சர்க்கரை ரத்தத்தில் கலப்பதை மெதுவாக்குகிறது. அதிலுள்ள ஓர் அமினோ அமிலம் இன்சுலின் சுரப்பையும் தூண்டக்கூடியது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே இதை ஆராய்ந்திருக்கிறது. ஆகவே உங்கள் அம்மா நம்பியதில் தவறில்லை. ஆனால் க்ளிமிபிரைடின் வேலையும் இன்சுலினைச் சுரக்க வைப்பதுதான். இரண்டும் சேர்ந்து, காலை உணவும் தள்ளிப்போனால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. இன்சுலின் போடுபவர்களுக்கு அதிகம்.

மருத்துவரைப் பார்க்கும்வரை அந்த இரண்டு ஸ்பூனை நிறுத்தி வையுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். போகும்போது, நடுக்கம் வந்த நேரங்களில் எடுத்த அளவுகளை எழுதிக்கொண்டு போங்கள். வெந்தயம் சாப்பிட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டு வைத்தியம்தானே என்று பலர் இதைச் சொல்வதே இல்லை. தாளிப்பில் போடும் வெந்தயத்துக்கும் தோசை மாவில் அரைப்பதற்கும் எந்தத் தடையும் இல்லை.

மருத்துவர் சம்மதித்தால், அரை டீஸ்பூனில் தொடங்கலாம். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காய்ந்த வெந்தயத்தை அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது உள்ளே ஊறிப் பருத்துத் தொண்டையில் அடைக்கலாம், முதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம். முளைகட்டிய வெந்தயத்தை வேகவைத்தே சாப்பிடுங்கள். 2011-இல் ஜெர்மனியில் ஐம்பது பேருக்கு மேல் பலிகொண்ட ஈ.கோலை என்ற பாக்டீரியா தொற்றுக்குக் காரணம், எகிப்திலிருந்து வந்த வெந்தய விதைகளின் முளைகள் என்றே விசாரணையில் தெரிந்தது.

வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் வெந்தயத்தை மருந்துபோல ஸ்பூன் கணக்கில் சாப்பிடுவதைத் தவிர்க்க வேண்டும். ரத்தக் கசிவு கூடலாம். வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாதவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம். எல்லாம் ஒரே பயறு குடும்பம்.

தங்கைக்கு என் பதில், வேண்டாம். ஸ்பூன் கணக்கில் சாப்பிட்டால் கருப்பை சுருங்கத் தூண்டப்படலாம். குழம்பில் சேரும் அளவு போதும். பிரசவம் ஆனபின் பால் சுரக்க வெந்தயக் களி கொடுக்க நினைத்தால், முதலில் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். பிரசவத்துக்குச் சற்று முன்பு தாய் நிறைய வெந்தயம் சாப்பிட்டிருந்தால், பிறந்த குழந்தையின் சிறுநீரில் காய்ச்சிய சர்க்கரைப் பாகின் வாசனை வரலாம். அரிய பிறவி நோய் ஒன்றிலும் இதே வாசனை வரும் என்பதால், குழந்தை மருத்துவரிடம் வெந்தயம் சாப்பிட்டதைச் சொல்லிவிட வேண்டும்.