பதில்: விண்டோஸ் 11 வலது கிளிக் மெனுவில் என் நிரலைக் காணோம்
விண்டோஸ் 11-க்கு மாறியதும் நீங்கள் எழுதிய கோப்புச் சுருக்கும் நிரல் வலது கிளிக் மெனுவில் வரவில்லை, பயனர்கள் உங்களைத் திட்டுகிறார்கள் என்கிறீர்கள். உங்கள் கோடில் பிழை இல்லைங்க. 2021 அக்டோபரில் வந்த அந்தப் புது மெனு, பழைய ஷெல் எக்ஸ்டென்ஷன்களை (மெனுவில் வெளி நிரல்கள் தங்கள் வரியைச் சேர்க்கும் துணை நிரல்களை) எல்லாம் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்ற வரிக்குப் பின்னால் தள்ளிவிட்டது. மெனு நீண்டுவிட்டது என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன காரணம், அது உண்மையும்கூட, ஆனால் கட், காப்பியைப் பெயரே இல்லாத ஐகான்களாக்கி, அதற்கு எழுத்து போட 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு வரை இழுத்ததை என்னவென்று சொல்வது!

சரி, பயனர்களுக்கு இப்போதைக்கு ஷிஃப்டை அழுத்திக்கொண்டு வலது கிளிக் செய்யச் சொல்லுங்கள், பழைய மெனு நேராகத் திறக்கும். கோப்பைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் எஃப்10 அழுத்தினாலும் வரும். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடத்தில்) கை வைக்கும் வழியை மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் அங்கே எது கெட்டாலும் உங்கள் தலையில்தான் விழும்.

நிரந்தரமாக வேண்டுமென்றால் உங்கள் எக்ஸ்டென்ஷனை ஐ-எக்ஸ்ப்ளோரர்-கமாண்ட் (IExplorerCommand) என்ற, புது மெனு ஏற்கும் இன்டர்ஃபேஸில் மாற்றி எழுதவேண்டும். அது மட்டும் போதாது, நிரலுக்குப் பேக்கேஜ் அடையாளமும், அதாவது விண்டோஸ் அதை இன்ன நிரல் என்று அறியும் பதிவும், வேண்டும். இன்ஸ்டாலரை முழுக்க மாற்ற மனமில்லை என்றால் அந்த அடையாளத்தை மட்டும் தரும் ஸ்பார்ஸ் பேக்கேஜ் ஒன்றைக் கூடவே சேர்த்தால் போதும், ஆனால் அதில் டிஜிட்டல் கையொப்பம் இடக் கையொப்பச் சான்றிதழ் கட்டாயம். பழைய எக்ஸ்டென்ஷனை நீக்காதீர்கள், விண்டோஸ் 10 பயனர்கள் இன்னும் இருக்கிறார்கள்.