பேணிக்குள் தெரிந்த யன்னல்

அன்புள்ள ஐயாவுக்கு,

மூன்று மாதமாகக் கரியினால் வரைந்து பழகுகிறேன். தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் கிளாஸை வரைந்தால் கல்லுப் போலவே வருகிறது. படத்தை இணைத்துள்ளேன். பளபளப்புக்கு எந்த வெள்ளைப் பென்சில் வாங்கலாம்? எந்தத் தாள் நல்லது?

ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

அன்புள்ள தம்பிக்கு,

தாளில் கரி பிடிக்கும் அளவுக்குச் சொரசொரப்பு இருந்தால் போதும். வெள்ளைப் பென்சில் வாங்கவே வேண்டாம். கரியின் மேல் அதைத் தேய்த்தால் நீலம் பாய்ந்த சாம்பல் நிறந்தான் வரும். தாளில் இருந்த வெள்ளை முழுவதையும் கரியால் மூடிவிட்டு, அதே வெள்ளையைக் காசு கொடுத்து வாங்கக் கடைக்குப் போவது என்ன நியாயம்? ஒளி விழும் இடத்தைத் தொடாமல் விடும். தவறிக் கரி பட்டால், பிசையக்கூடிய அழிறப்பரைக் கூராக உருட்டி ஒற்றி எடும். வில்லோ மரக் குச்சியைச் சுட்ட கரி ஒற்றினால் வந்துவிடும். பசை சேர்த்து அழுத்திய கரி இலகுவில் வராது, ஆகையால் அதைக் கடைசி இருட்டுக்கு வையும்.

உமது கடிதம் வந்த அன்று என் மேசையில் அம்மாவின் மூக்குப்பேணி இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு அவர் கொண்டுவந்த, மூக்கு வைத்த, தண்ணீர் குடிக்கும் பித்தளைப் பேணி அது. வெள்ளிக்கிழமைகளில் பழப்புளி போட்டு மினுக்குவார். 15 வயதில் அதை வரைய இருந்த நான், பித்தளையின் மஞ்சளைக் கரியில் எப்படிக் கொண்டுவருவது என்று தெரியாமல், ஒரு பின்னேரம் முழுவதும் விரலால் தேய்த்துத் தேய்த்துச் சாம்பல் உருண்டை ஒன்றைச் செய்துவைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "இதுக்குள்ள எங்கட யன்னலைக் காணேல்லையே" என்றார். அப்போதுதான் பேணியின் வயிற்றைப் பார்த்தேன். யன்னல் கம்பிகள் வில்லாய் வளைந்திருந்தன. அருகே அம்மா சுண்டுவிரல் நகமளவில் நின்றார். யன்னலின் வெள்ளையை ஒட்டியே, இடையில் சாம்பல் ஏதுமின்றி, அறையின் இருட்டு இருந்தது. வெள்ளையும் கறுப்பும் அப்படி நெருங்கி நிற்பதுதான் மினுக்கம். நான் விரலால் தேய்த்து அழித்ததும் நீர் உமது படத்தில் அழித்திருப்பதும் அதைத்தான்.

கிளாஸுக்குப் பின்னால் இருப்பதை, அது வளைத்துக் காட்டுகிறபடி வரையும். தண்ணீர் ஒளியை வளைக்கும் (அதன் அளவான ஒளிவிலகல் எண் 1.33), ஆகையால் நிரம்பிய கிளாஸ் ஒரு வில்லையாகி (லென்ஸாகி), சற்றுத் தள்ளியிருக்கும் பொருளை இடம்வலம் மாற்றிக் காட்டும். யன்னலுக்கு எதிரே வைத்தால், விளிம்பில் மிகுதியாக வளையும் ஒளி பக்கத்துச் சுவரின் இருளைக் கொண்டுவருவதால், விளிம்புகள் கறுக்கும். கறுத்த துணிக்கு முன் வைத்தால் அவையே வெளுக்கும். உமது படத்திலோ எல்லா விளிம்பையும் ஒரே கோட்டால் சுற்றியிருக்கிறீர்.

என் பேணி மினுக்குவாரின்றிக் கறுத்துவிட்டது, யன்னல் தெரியவில்லை. பழப்புளி ஊறவைத்திருக்கிறேன், நாளை வரைவேன். நீரும் கிளாஸை யன்னலடியில் வைத்து வரைந்து அனுப்பும்.