லீவு முடிந்து லடாக் திரும்பும் தம்பிக்கு

கேள்வி: எனக்கு ஆரணி பக்கத்தில் ஒரு கிராமம். ராணுவத்தில் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. லேவுக்கு மேலே, 14,000 அடிக்குக் கொஞ்சம் கூடுதலான உயரத்தில் எங்கள் போஸ்ட். லீவும் பயணமுமாக 33 நாள் கீழே இருந்துவிட்டு, அடுத்த வாரம் சண்டிகரிலிருந்து விமானத்தில் திரும்புகிறேன். போன தடவை இப்படித் திரும்பியபோது இரண்டாம் நாள் ராத்திரி கடுமையான தலைவலியும் இருமலும் வந்தது. சொன்னால் மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதித் தரம்) இறங்கிவிடும், புரமோஷன் போய்விடும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. தானாகவே சரியாகிவிட்டது. ஆனால் அதே மாதம் எங்கள் கம்பெனியில் ஒருவருக்கு ஹேப்போ (உயரத்தில் நுரையீரலில் நீர் கோக்கும் நோய்) வந்து ஹெலிகாப்டரில் கீழே இறக்கினார்கள். "நீ பழைய ஆள், உனக்கு எதற்கு ஓய்வு?" என்கிறார்கள் சீனியர்கள். என் மனைவி ரொம்பப் பயப்படுகிறாள். நான் எதிலெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: தம்பி, ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டன்டாகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். மலை மேல் எம்.ஐ. ரூமில் (யூனிட்டின் சிகிச்சை அறையில்) பல குளிர்காலங்களைக் கழித்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்தத் தலைவலி இல்லை. "யாரிடமும் சொல்லவில்லை" என்ற வரிதான்.

முதலில் அந்தப் "பழைய ஆள்" பேச்சைப் பார்ப்போம். மலைக்குப் பழைய ஆள் என்று ஒருவர் கிடையாது. லேவின் உயரம் சுமார் 11,500 அடி. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு அதற்குப் பழகுவது மெதுவாக நடக்கும். பழகியதை மறப்பதோ வேகமாக நடக்கும். இரண்டு மூன்று வாரம் ஊரில் இருந்தாலே பழகியதில் பெரும்பகுதி போய்விடும். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. புதிதாக வருபவன் பயந்து நிதானமாக நடப்பான். லீவிலிருந்து திரும்புபவன், தெரிந்த இடம்தானே என்று வந்த அன்றே டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்குவான். நான் பார்த்த ஹேப்போ கேஸ்களில் இப்படி லீவு முடிந்து வந்தவர்கள் நிறைய.

1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து அவசரமாக மேலே கொண்டுபோன ஜவான்கள் பலர் குண்டு படாமலேயே விழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் நம் ராணுவ மருத்துவர்கள் இந்த நோயை ஊன்றிப் படித்தார்கள். இந்தர் சிங் குழுவினர் 1,925 ஜவான்களைக் கவனித்து 1969-ல் வெளியிட்ட கட்டுரையை உலகம் முழுக்க மலை மருத்துவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். உங்களுக்குப் போட்டிருக்கும் விதிகள் அப்படி உயிர் கொடுத்துக் கற்றவை.

விதி என்ன சொல்கிறது? 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரை உள்ள உயரத்தில், உடம்பு பழக ஆறு நாள் தங்க வேண்டும். அடுத்து 15,000 வரை நான்கு நாள். அதற்கும் மேலே போனால் இன்னும் நான்கு நாள். கீழே பத்து நாளுக்கு மேல், நான்கு வாரத்துக்குள் இருந்து திரும்பியவருக்கு ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு நாள். நான்கு வாரத்தைத் தாண்டினால் புது ஆள் கணக்குதான். உங்களுக்கு 33 நாள் ஆகிவிட்டது. அதனால் லேவில் ஆறு, மேலே நான்கு, மொத்தம் பத்து நாள். முதல் இரண்டு நாள் சுத்தமான ஓய்வு: சாப்பாட்டுக்கும் பாத்ரூமுக்கும் எழுந்தால் போதும். மூன்றாம், நான்காம் நாள் சமதளத்தில் மெதுவான நடை. ஐந்தாம் நாளிலிருந்துதான் கொஞ்சம் ஏற்றம். ஆள் பற்றாக்குறை என்று யாராவது மூன்றாம் நாளே கிளம்பச் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். "ஆர்.எம்.ஓ. சாப் கையெழுத்துப் போட்டால் இப்போதே கிளம்புகிறேன் சார்" என்று மட்டும் சொல்லுங்கள். நாள் கணக்கு தெரிந்த எந்த மருத்துவரும் அதில் கையெழுத்துப் போட மாட்டார்.

பயணத்திலேயே பாதி கெடுத்துக்கொள்வதும் உண்டு. ரயிலில் இரண்டு ராத்திரி தூக்கமில்லாமல், பாத்ரூம் போக அலுப்புப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல், கடைசி ஸ்டேஷனில் நண்பர்களோடு ஒரு ரவுண்டு போட்டுவிட்டு விமானம் ஏறுவது. ஒரு மணி நேரத்தில் 11,500 அடி. உடம்பு என்ன செய்யும், பாவம். கிளம்பும் முன் சளி, காய்ச்சல், நெஞ்சில் கபம் இருந்தால் சண்டிகர் டிரான்சிட் கேம்பிலேயே சொல்லிவிடுங்கள். சளியோடு மேலே போகிறவருக்கு ஹேப்போ வரும் வாய்ப்பு கூடுதல். டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அது தலைவலியைக் குறைக்கும், பழகுவதற்கு உதவும். ஹேப்போவுக்கு அது கவசம் இல்லை. அப்புறம், அம்மா முடிந்து கொடுக்கும் கற்பூரம். முகர்ந்தால் மூக்கு திறந்த மாதிரி இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. அம்மா கொடுத்தது பையில் இருக்கட்டும், அதை நம்பி ஏறாதீர்கள்.

ஹேப்போ எப்படி வருகிறது என்று கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு ஜவான் எம்.ஐ. ரூமுக்கு வந்தார். லீவிலிருந்து திரும்பி இரண்டாம் நாள். "சளிதான் சார், ஒரு இருமல் டானிக் கொடுங்கள்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது. விளக்கைக் கிட்டே கொண்டுபோய் நகத்தைப் பார்த்தேன், நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி இருந்தது. வலது அக்குளுக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், காதோரம் தலைமுடியை இரண்டு விரலால் உருட்டினால் வருமே, அந்தச் சரசரப்பு. நுரையீரலில் நீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் இறுகும். அழுத்தம் ஏறி, ரத்தத்தின் நீர் காற்றறைகளுக்குள் கசியும். உடனே ஆக்சிஜன் வைத்தோம், விடிந்ததும் கீழே இறக்கினோம், பிழைத்தார். டானிக்கை வாங்கிக்கொண்டு போய்ப் படுத்திருந்தால் அடுத்து வருவது ரோஜா நிற நுரை. அதற்குப் பிறகு எங்கள் கையில் அதிகம் இல்லை.

ஆகவே இரவில் கூடும் வறட்டு இருமல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நேற்று ஏறிய படியில் இன்று நின்று நின்று ஏறுவது, இதில் எது வந்தாலும் அந்த நேரமே எம்.ஐ. ரூம் போக வேண்டும். காலை வரை பொறுக்கக் கூடாது. மூளையில் நீர் கோக்கும் ஹேக்கோவை அது வந்தவரால் கண்டுபிடிக்க முடியாது, பக்கத்தில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும். குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட ஒரே கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் அவர் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். உங்கள் ஜோடி ஆளோடு தினமும் ஒருவரை ஒருவர் இப்படிச் சோதித்துக்கொள்வது என்று முதல் நாளே பேசி வையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் லேவில் முதல் நாளில் 85-லிருந்து 90-க்குள் காட்டுவது சகஜம். ஆனால் எண்ணை விட ஆளைப் பாருங்கள்.

இனி கேட்டகரி பயம். அது நியாயமான பயம்தான், வீட்டுக் கடனும் தங்கை கல்யாணமும் இருக்கிறவனுக்குப் புரமோஷன் சின்ன விஷயம் இல்லை. ஆனால் முதல் சில மணி நேரத்தில் சொன்ன ஹேப்போ பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். தற்காலிகமாகக் கேட்டகரி இறங்கினாலும் மறுபரிசோதனை உண்டு, ஏறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மறைத்து முற்றவிட்டவருக்குத்தான் அந்த வாய்ப்பும் போகிறது. போன தடவை உங்களுக்குச் சரியானது அதிர்ஷ்டம் தம்பி. அதை அனுபவம் என்று எண்ணிவிடாதீர்கள்.

மேலே போன பிறகு உங்கள் அடுத்த ஆபத்து புகாரி, அதாவது பங்கரைச் சூடாக்கும் அடுப்பு. மண்ணெண்ணெய்ப் புகாரியின் குழாய் வாயைப் பனி அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளேயே தங்கும். அதற்கு வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல், தூக்கம் என்று மலை நோய் மாதிரியே காட்டும். வித்தியாசம் ஒன்றுதான்: ஒரே பங்கரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே வந்தால் குறைகிறது என்றால் அது புகாரி. அப்போது ஆக்சிமீட்டர் நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும், நம்பக் கூடாது. படுக்கும் முன் குழாயைப் பார்ப்பது, காற்று வரும் ஓட்டையைத் துணியால் அடைக்காமல் விடுவது, எல்லோரும் தூங்குவதானால் அணைப்பது. எரியும் புகாரியில் எண்ணெய் ஊற்றிய கையைக் கட்டுப் போட்டவன் சொல்கிறேன், அணைத்து ஆறிய பிறகு ஊற்றுங்கள்.

காலுக்கு உலர்ந்த சாக்ஸ். ஒரு ஜோடியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருந்து, டியூட்டி முடிந்ததும் மாற்றுங்கள். விரல் வெளுத்து மரத்துப்போனால் பனியைத் தேய்ப்பது, புகாரி மேல் காட்டுவது இரண்டும் விரலையே எடுத்துவிடும். உணர்ச்சியில்லாத தோல் வெந்தாலும் தெரியாது. கைவிரலானால் அக்குளில் வைத்துக்கொண்டு எம்.ஐ. ரூம் வாருங்கள், மிச்சத்தை நாங்கள் வெதுவெதுப்பான நீரில் பார்த்துக்கொள்வோம்.

சில ஆபத்துகள் நம் கையில் இல்லை. 2016 பிப்ரவரி 3-ம் தேதி சியாச்சினில் சோனம் போஸ்ட் மேல் பனிச்சுவர் சரிந்து அங்கே மதராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியனோடு இருந்த பத்துப் பேர் புதைந்தார்கள். ஆறாம் நாள் உயிரோடு மீட்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் டெல்லி ராணுவ மருத்துவமனையில் இறந்தார். தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கும் அன்று பெட்டிகள் வந்தன. அதனால் இந்தக் காகித வேலையை லீவு முடிவதற்குள் பாருங்கள். கல்யாணமும் குழந்தையும் பார்ட் டூ ஆர்டரில் (குடும்ப விவரங்களைப் பதியும் யூனிட் ஆணையில்) ஏறிவிட்டதா? குழுக் காப்பீட்டு நாமினியில் இன்னும் அம்மா பெயர் மட்டும் இருக்கிறதா? நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இனிஷியல் ஒரு பெரிய தொல்லை. மனைவியின் ஆதாரில் இனிஷியல் பின்னால், வங்கியில் முன்னால், ரெக்கார்ட் ஆபீசில் அப்பா பெயரே முழுதாக. மூன்றும் மூன்று பெண்கள் என்றுதான் கம்ப்யூட்டர் நினைக்கும். இதனாலேயே பென்ஷனுக்கு அலைந்தவர்களோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நானே போயிருக்கிறேன். அதேபோல டியூட்டியில் சின்னக் காயம் பட்டாலும் இஞ்சுரி ரிப்போர்ட் எழுத வையுங்கள். பத்து வருடம் கழித்து முழங்கால் வலிக்கும்போது அந்தத் தாள்தான் பேசும்.

உங்கள் மனைவியிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, நீங்கள் கிளம்பும் தேதி, டிக்கெட், யூனிட் பெயர் எதுவும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரக் கூடாது. 2020 ஜூலையில் 89 செயலிகளை ஜவான்கள் போனிலிருந்து நீக்க ராணுவம் சொன்னது சும்மா இல்லை. இன்னொன்று, அவருடைய பயத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். லேவில் இருக்கும் முதல் நாட்களில் தினமும் இரவு போன் பேசும்போது, "சாப்பிட்டீங்களா" என்று கேட்டுவிட்டு, அன்றைக்குச் சாப்பிட்டதை ஒரே மூச்சில் சொல்லச் சொல்லட்டும். நடுவில் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினீர்கள் என்றால், "போனை வைத்துவிட்டு எம்.ஐ. ரூமுக்கு நடங்க, போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுங்க" என்று அவர் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்க வேண்டும்.