இக்போ ஊரில் துக்கம்: தோழியின் உடல்நலத்துக்கு எதைக் கவனிப்பது?

கேள்வி: நைஜீரியாவின் லாகோஸில் வேலை பார்க்கிறேன். உடன் பணிபுரியும் இக்போ இனத் தோழியின் கணவர் காலமாகிவிட்டார். அடக்கத்துக்காக அனம்ப்ரா மாநிலத்தில் உள்ள கணவரின் ஊருக்குப் போகிறார். அவருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு, இன்சுலின் போடுகிறார். அங்கே விதவைச் சடங்குகள் கடுமையாக இருக்கும் என்கிறார்கள். என்ன சொல்லி அனுப்புவது?

பதில்: முதலில் மருந்துப் பையைக் கவனியுங்கள். இக்போ வாரத்துக்கு நான்கே நாள். அப்படி ஏழு வாரம், அதாவது 28 நாள், விதவை வீட்டுக்குள் அடைந்திருப்பது பல ஊர்களில் வழக்கம். தரையில் படுக்கை, விடியற்காலை ஒப்பாரி, பேருக்குச் சாப்பாடு. சில இடங்களில் குளிக்கவும் தடை. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். சில அழுத்த மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட எகிறும். உணவு குறைந்தால் இன்சுலின் அளவை எப்படி மாற்றுவது என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டு, ஒரு கடிதமும் வாங்கச் சொல்லுங்கள்.

அந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டியது உமுவாடாவிடம். அந்த வம்சத்தில் பிறந்த பெண்கள் அவர்கள். நாத்தனார்களின் சபை என்று வைத்துக்கொள்ளுங்கள். விதவையின் சடங்குகளில் அவர்கள் வைத்ததே சட்டம். அவர்களில் ஒருவர் மனம் இளகினாலும் பாதிக் கவலை தீர்ந்தது.

தலை மழிப்பதாக இருந்தால் பிரிக்காத பிளேடைத் தாமே கொண்டுபோகட்டும். ஒரே பிளேடு பல தலைகளுக்குப் போனால் ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்புண்டு. பழைய பிளேடு கீறிவிட்டால் தாமதிக்காமல், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள், மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மனைவிக்குச் சாவில் பங்கில்லை என்று நிரூபிக்க, பிணத்தைக் கழுவிய நீரைக் குடிக்கவைக்கும் கொடுமை இன்று அரிது. கேட்டால் மறுக்கத்தான் வேண்டும்; இதில் சமரசம் கூடாது. அடக்கம் வாரக்கணக்கில் தள்ளிப்போவதால் உடலைப் பதப்படுத்தி வைப்பார்கள். எனவே அந்த நீரில் கிருமிகளோடு ஃபார்மலினும் இருக்கலாம். கட்டாயப்படுத்துவது குற்றம்: விதவைகளைத் துன்புறுத்தும் வழக்கங்களுக்கு 2015ஆம் ஆண்டின் நைஜீரியக் கூட்டாட்சிச் சட்டம் இரண்டாண்டு வரை சிறை விதிக்கிறது. அனம்ப்ராவிலும் தனித் தடைச் சட்டம் உண்டு.

தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் துக்கத்தைவிட வீடு பறிபோகும் பயம்தான். ஆண்பிள்ளை இல்லாத விதவையை வெளியேற்றும் வழக்கத்தை 2014இல் நைஜீரிய உச்ச நீதிமன்றமே நிராகரித்தது. இதை அவரிடம் சொல்லுங்கள். அன்றாடம் ஒருமுறை தொலைபேசியில் பேசுங்கள். நெஞ்சுவலி, ஒரு பக்கம் மரத்துப்போதல், ‘நானும் போய்விடலாம்’ என்ற பேச்சு, இவற்றில் எது இருந்தாலும் 28 நாள் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்; அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.