டி.சி. வாங்க வேண்டாம்: அமெரிக்காவுக்கு டிரான்ஸ்ஃபர் கேட்கும் மகளின் அப்பாவுக்கு

அன்புள்ள ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அமெரிக்காவுக்கு விண்ணப்பித்து இடம் கிடைக்காத மகள், கோவையில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் "அடுத்த வருஷம் ஹார்வர்டுக்கோ கார்னெல்லுக்கோ டிரான்ஸ்ஃபர்ல போயிடுவேன்" என்கிறாள். இப்போதே டி.சி. வாங்கி வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதற்குப் பதில்: டி.சி. வாங்க வேண்டாம்.

நம் ஊரில் டிரான்ஸ்ஃபர் என்றால் ஓரிடத்தில் பெயரை எடுத்துவிட்டு இன்னோரிடத்தில் சேர்ப்பது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் டிரான்ஸ்ஃபர் என்று சொல்வது வேறு. ஒரு கல்லூரியில் இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர், படித்தபடியே புதிதாக விண்ணப்பம் போடுவது. இடம் கிடைத்து, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் வந்து, விசாவும் கைக்கு வரும்வரை அவள் கோவைக் கல்லூரி மாணவிதான். டி.சி. வாங்கிவிட்டால் விண்ணப்பத்துக்கு அடிப்படையே போய்விடும். கிடைக்காவிட்டால் இங்கும் இடம் இருக்காது.

உங்கள் மகளிடம் எனக்குக் கவலை தரும் ஒரு விஷயம் உண்டு. "எப்படியும் போகப்போறோம், இங்கே என்ன பெரிசா படிச்சு" என்று அவள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து விண்ணப்பிக்கும்போது பள்ளி மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். டிரான்ஸ்ஃபரில் முதலில் எடுத்துப் பார்ப்பது கல்லூரி மதிப்பெண். பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியவர்கள் இப்போது பாடம் நடத்தும் பேராசிரியர்கள். பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல விடுதியில் இருந்தால், விண்ணப்பத்தில் எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது. ஒரு அரியர் விழுந்தாலும் இந்தப் பேச்சை அதோடு விட்டுவிடலாம். அவ்வளவு நெருக்கடியான போட்டி இது.

எவ்வளவு நெருக்கடி என்றால், ஹார்வர்டில் டிரான்ஸ்ஃபரில் சேர்த்துக்கொள்வது ஆண்டுக்குச் சராசரியாக ஒரு டஜன் பேரைத்தான். பிரின்ஸ்டன் 1990இல் டிரான்ஸ்ஃபரையே நிறுத்திவிட்டு, 2018இல்தான் மறுபடி சிலரைச் சேர்க்கத் தொடங்கியது. கார்னெல் மட்டும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் எடுக்கிறது. அங்கே ஒவ்வொரு பிரிவுக்கும் தனி நிபந்தனை. பொறியியல் என்றால் கால்குலஸ், இயற்பியல், வேதியியல், ஒரு புரோகிராமிங் பாடம் எல்லாம் முடித்திருக்க வேண்டும். இணையதளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. மகளை அதை அச்செடுத்து, தன் பாடத்திட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக டிக் செய்யச் சொல்லுங்கள்.

எப்போது விண்ணப்பிப்பது? ஹார்வர்டுக்கும் யேலுக்கும் கடைசி நாள் மார்ச் 1, கார்னெல்லுக்கு மார்ச் 15. நம் பக்கம் கவுன்சலிங் முடிந்து முதலாண்டு வகுப்பு தொடங்கவே தாமதமாகிறது. முதல் செமஸ்டர் ரிசல்ட் மார்ச்சுக்குள் கைக்கு வரும் என்று உறுதியில்லை. கல்லூரி மதிப்பெண் இல்லாத டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம் பள்ளி மதிப்பெண்ணைத்தான் மறுபடி தூக்கிக் காட்டும். அதை வைத்துப் போன தடவையே இடம் கிடைக்கவில்லையே! அதனால் இரண்டாம் ஆண்டில், மூன்று செமஸ்டர் ரிசல்ட்டோடு போடுவதுதான் நல்லது என்பது என் கருத்து. அதற்கு மேல் தள்ளவும் முடியாது. இரண்டு ஆண்டுக்கு மேல் கல்லூரிப் படிப்பு முடித்தவர்களின் விண்ணப்பத்தை ஹார்வர்டும் யேலும் ஏற்பதில்லை. பட்டம் வாங்க அங்கே குறைந்தது இரண்டு ஆண்டு படித்தாகவும் வேண்டும்.

இங்கே படித்ததெல்லாம் அங்கே கணக்கில் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டம் என்றால், முதலாண்டுக் கணக்கு, இயற்பியல், வேதியியல், புரோகிராமிங் போன்றவற்றுக்கு கிரெடிட் கிடைக்க வாய்ப்பு உண்டு. 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' பாடங்களுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் கிடைப்பது சந்தேகம். இரண்டு வருடம் இங்கே படித்துவிட்டுப் போய், அங்கே இரண்டாம் ஆண்டிலேயே மறுபடி உட்கார நேரலாம். அப்படியானால் மொத்தம் ஐந்து வருடம். அந்த ஒரு வருடச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் இன்றிலிருந்தே ஒரு ஃபைலில் சேர்த்து வரட்டும். சி.ஜி.பி.ஏ.வை நாமாக அமெரிக்க 4 புள்ளிக் கணக்குக்கு மாற்றிப் போட வேண்டாம், இங்கே கொடுத்தபடியே கொடுப்பதுதான் முறை.

இனி பணம். என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் இதைக் கடைசியில், எழுந்து கிளம்பும்போது கேட்கிறார்கள். வெளிநாட்டு மாணவருக்கு இதுதான் முதல் கேள்வி. பெயர் பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 85,000 டாலரிலிருந்து 95,000 டாலர் வரை ஆகிறது. நம் பணத்தில் ஒரு வருடத்துக்கே 75 லட்சத்தைத் தாண்டும்.

ஹார்வர்டும் யேலும், குடும்பத்தால் கட்ட முடியுமா முடியாதா என்று பார்க்காமலே தேர்வு செய்து, தேர்வானவருக்குத் தேவையான பணத்தைக் கொடுக்கின்றன. வெளிநாட்டு டிரான்ஸ்ஃபர் மாணவருக்கும் இது பொருந்தும். ஆனால் ஹார்வர்டில் இடம் கிடைப்பது எவ்வளவு அரிது என்று மேலே சொன்னேன், யேலிலும் அரிதுதான். கார்னெல் அப்படியில்லை, வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டால் அதையும் பார்த்துத்தான் முடிவெடுக்கும். வெளிநாட்டு டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு நிதியுதவியே கிடையாது என்று வெளிப்படையாகச் சொல்லும் இடங்களும் இருக்கின்றன.

"உதவி வேண்டாம்னு போட்டு உள்ளே போயிட்டு, அடுத்த வருஷம் கேட்டுக்கலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் பிறகு கேட்கவே முடியாது என்று பல பல்கலைக்கழகங்கள் விதி வைத்திருக்கின்றன. இதை நம்பிப் போய், இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு வீட்டை விற்ற ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்த அப்பாவின் முகம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் மகளையே ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள்: "நான் இந்தியக் குடிமகள், டிரான்ஸ்ஃபர் விண்ணப்பதாரர், எனக்கு நிதியுதவி உண்டா, பிறகு கேட்கலாமா?" இரண்டே வரி போதும். பதில் வந்த பிறகு பட்டியலில் எத்தனை பெயர் மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

அடுத்தது கல்லூரி அலுவலகம். காமன் ஆப் (பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான இணைய விண்ணப்பம்) வழியாக விண்ணப்பிக்கும்போது காலேஜ் ரிப்போர்ட் என்று ஒரு படிவம் கேட்பார்கள். இந்த மாணவி இங்கே முறையாகப் படிக்கிறார், ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று கல்லூரி எழுதித் தர வேண்டியது. மிட்டெர்ம் ரிப்போர்ட் என்பது நடப்புப் பாடங்களில் இதுவரை வாங்கிய மதிப்பெண்ணை ஆசிரியர்களிடம் எழுதி வாங்குவது, நமக்கு இன்டர்னல் மார்க்.

ஒரு மாணவனோடு அவன் கல்லூரிக்கே நான் போயிருக்கிறேன். சூப்பரின்டென்டன்ட் காலேஜ் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேசை டிராயரிலிருந்து டி.சி. விண்ணப்பத்தாளை எடுத்து நீட்டினார். "டிரான்ஸ்ஃபர்னா இதுதான் தம்பி, நோ டியூஸ் வாங்கிட்டு வா" என்றார். அவர்மேல் தப்பில்லை, இப்படி ஒரு தாளை அவர் முன்னே பின்னே பார்த்ததில்லை. நோ டியூஸ் கையெழுத்துக்காக நூலகம் வரைக்கும் போய்விட்டான் பையன், நான்தான் கூப்பிட்டு நிறுத்தினேன். அப்புறம் முதல்வரைப் பார்த்து, "இவன் படிப்பை நிறுத்தவில்லை, விண்ணப்பம்தான் போடுகிறான்" என்று விளக்கியதும் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அதனால் மகள் முதல்வரையோ துறைத் தலைவரையோ முன்கூட்டியே பார்த்துச் சொல்லிவைக்கட்டும். மறைத்துச் செய்ய வேண்டிய காரியம் இல்லை இது. படிவமும் பரிந்துரையும் கல்லூரி முகவரி உள்ள மின்னஞ்சலிலிருந்து போவது நல்லது. அசல் மதிப்பெண் சான்றிதழ்கள் கல்லூரியில் இருந்தால் பயப்பட வேண்டாம். அவற்றைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இலேயே அறிவித்திருக்கிறது.

கட்டுரையில் ஏன் மாற விரும்புகிறாய் என்று கேட்பார்கள். இங்கே வசதியில்லை, வாத்தியார் சரியில்லை என்று எழுதினால் படிப்பவருக்கு அலுப்புத்தான் வரும். இங்கே எதைத் தொட்டாள், எந்த இடத்தில் அதற்கு மேல் போக வழியில்லாமல் நின்றாள், அங்கே எந்தப் பாடமும் எந்த ஆய்வுக்கூடமும் அதைத் திறந்துவிடும் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். அப்படி எழுத முதலில் இங்கே எதையாவது தொட்டிருக்க வேண்டும்.

கலிஃபோர்னியா பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெர்க்லியும் யு.சி.எல்.ஏ.வும் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் டிரான்ஸ்ஃபரில் பெரும்பாலும் அந்த மாநிலத்தின் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) மாணவர்களைத்தான் எடுக்கிறது. கோவையிலிருந்து நேராகப் போவது மிகக் கடினம். சான்டா மோனிகா, டி ஆன்சா போன்ற கம்யூனிட்டி காலேஜில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் சேர்ந்து இரண்டு வருடம் படித்தால், டேவிஸ், அர்வைன், சான்டா பார்பரா உட்பட ஆறு வளாகங்களில் ஏதாவது ஒன்றில், சில நிபந்தனைகளோடு, இடத்துக்கு உத்தரவாதம் பெறும் திட்டம் இருக்கிறது. பெர்க்லியும் யு.சி.எல்.ஏ.வும் அதில் இல்லை. வெளிநாட்டு மாணவருக்கு அங்கே நிதியுதவியை நம்ப முடியாது. கடைசி இரண்டு வருடச் செலவு தனியார் பல்கலைக்கழகத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

டிரான்ஸ்ஃபரில் போனால் இரண்டாம் தரமாகப் பார்ப்பார்களோ என்று அவள் அம்மா கேட்டாராமே. பட்டச் சான்றிதழில் அப்படி எதுவும் எழுதியிருக்காது. ஒபாமா லாஸ் ஏஞ்சலஸில் ஆக்ஸிடென்டல் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு 1981இல் கொலம்பியாவுக்கு மாறியவர். டிரம்ப் ஃபோர்டாமிலிருந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டனுக்கு மாறி 1968இல் பட்டம் வாங்கினார்.

முடிவு மே, ஜூனில்தான் வரும், வகுப்பு ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிவிடும். அந்த இடைவெளியில் ஐ-20 வாங்கி, 350 டாலர் செவிஸ் கட்டணம் (வெளிநாட்டு மாணவர் பதிவுக்கானது) கட்டி, விசா நேர்காணலும் முடிக்க வேண்டும். பாஸ்போர்ட் இல்லையென்றால் இப்போதே எடுத்து வையுங்கள். மாணவர் விசா கேட்பவர்களின் சமூக ஊடகக் கணக்குகள் எல்லோருக்கும் தெரியும்படி திறந்திருக்க வேண்டும் என்று 2025இல் புதிய நடைமுறை வந்திருக்கிறது, அதையும் மகளிடம் சொல்லுங்கள்.

சனிக்கிழமை என் அலுவலகத்துக்கு வாருங்கள். மகளின் பாடத்திட்டமும், பத்தாவது பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல் நகலும் வேண்டும். அதைவிட முக்கியமாக, வருடத்துக்கு எவ்வளவு உங்களால் கடன் இல்லாமல் முடியும், எவ்வளவு கடனோடு முடியும் என்று அவள் அம்மாவையும் வைத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். மகளும் கட்டாயம் வர வேண்டும். திங்கட்கிழமை அவளுக்கு இன்டர்னல் தேர்வு ஏதாவது இருந்தால் மட்டும், அதை நன்றாக எழுதி முடித்துவிட்டு அடுத்த சனிக்கிழமை வரட்டும்.