ஜெபம் வராத நாட்கள்

கேள்வி: ஐயா, பதினாறு வருடமாகச் சபையில் நோயாளிகளைச் சந்திக்கும் குழுவில் இருக்கிறேன். எத்தனையோ கட்டிலருகே நின்று ஜெபித்திருக்கிறேன். நான்கு மாதத்துக்கு முன் என் கணவர் பக்கவாதத்தில் விழுந்தார். இப்போது முழங்காலில் நின்றால் எனக்கு ஜெபம் வருவதில்லை, தூக்கம்தான் வருகிறது. குழுவினர் உதவிக்கு வரட்டுமா என்றால், "வேண்டாம், சமாளித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுகிறேன். என் விசுவாசம் அவ்வளவுதானா?

பதில்: அம்மா, முதலில் தூங்குங்கள். கேலி இல்லை. படுக்கைப்புண் வராமலிருக்க இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறீர்கள் என்றால், முழங்காலில் வேறு என்ன வரும்? சாவு வந்தால் போதும் என்று எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்தபோது, தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துக்கொண்டார். அதற்கும் கண்டிப்பு இல்லை. இரண்டாம் தரமும் சாப்பாடுதான் (1 இராஜாக்கள் 19). ஓரேப் மலையில் கர்த்தர் அவரைக் கேள்வி கேட்டதெல்லாம் நாற்பது நாள் நடைக்கு அப்புறம்.

வார்த்தை வரவில்லை என்றால் இரவல் வாங்குங்கள். "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று இயேசு சிலுவையில் கதறியது 22-ஆம் சங்கீதத்தின் தொடக்கம். ஆவியைப் பிதாவின் கைகளில் ஒப்புவித்தது 31-ஆம் சங்கீதத்தின் வார்த்தைகளில். 88-ஆம் சங்கீதத்தையும் ஒரு நாள் சத்தமாக வாசித்துப் பாருங்கள். புலம்பலில் தொடங்கி இருளிலேயே முடிந்துவிடும். அதையும் ஜெபமென்றுதானே வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள்!

சரி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ஜெபத்தைப் பற்றிய வரி அல்ல, "வேண்டாம், சமாளித்துக்கொள்கிறேன்" என்பதுதான். என் மனைவி எட்டு மாதம் படுக்கையில் இருந்தபோது நானும் அதையே சொன்னேன். போதகர் வீட்டுக்கு மற்றவர்கள் வந்து செய்வதா என்ற வீம்பு. உங்களுக்கு விசுவாசம் போதாது, அதனால்தான் குணமாகவில்லை என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் யாருக்கும் கதவைத் திறக்கவே மனமில்லை. சபையில் அதிகம் பேசாத ஒரு சகோதரி, ஒரு புதன்கிழமை அவராகவே வந்தார். "ஐயா, நீங்கள் இரண்டு மணி நேரம் படுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்துகொண்டார். நான் எழுந்தபோது அழுக்கு விரிப்புகள் துவைத்து உலர்ந்துகொண்டிருந்தன. அடுத்த புதனும் வந்தார். மூன்றாம் புதன், அவர் வருவதற்கு முன்பே நான் வாசலில் நின்றேன்.

கூரையைப் பிரித்து, படுக்கையோடு இயேசுவின் முன் இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனை, அதாவது முடக்குவாதக்காரனைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அந்த மனுஷன் ஒரு வார்த்தைகூடப் பேசியதாக மாற்கு தன் சுவிசேஷத்தில் எழுதவில்லை என்பது அந்த எட்டு மாதத்தில்தான் கண்ணில் பட்டது. இயேசு கண்டது "அவர்கள் விசுவாசத்தை". சுமந்து வந்தவர்கள் நாலு பேர். பதினாறு வருடம் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தவர் நீங்கள். இப்போது மற்றவர்கள் பிடிக்கட்டும். அடுத்த முறை குழுவினர் கேட்டால், "செவ்வாய் மாலை இரண்டு மணி நேரம் இவரோடு இருங்கள்" என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறந்துபோகிறேன். என்ன செய்வது?

பதில்: நானும் மறந்திருக்கிறேன். இப்போதெல்லாம் போனை வைப்பதற்கு முன் அங்கேயே இரண்டு வரி ஜெபித்துவிடுகிறேன். அப்புறம், "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குப் போகணும், கூட யார் வருகிறார்கள்?" என்று கேட்கிறேன். பல சமயம் பதில், "யாருமில்லை ஐயா" என்றுதான் வரும்.