சரவாக்கின் மூங்கில் கோழியைச் சட்டியில் சமைத்தால் அதே சுவை வருமா?

வராது. அதே பொருள்களைச் சட்டியில் வேகவைத்தால் நல்ல கோழி ரசம் கிடைக்கும், அவ்வளவுதான். போர்னியோ தீவிலுள்ள மலேசிய மாநிலமான சரவாக்கில் இபான் பழங்குடி மக்கள் மூங்கில் குழாயில் அடைத்துச் சமைக்கும் கோழிக்கு மானோக் பான்சோ என்று பெயர். அதில் எண்ணெய் கிடையாது, மசாலாத்தூளும் கிடையாது. பச்சை மூங்கில் சூட்டில் விடும் நீரும் வாசமும்தான் அதற்கு ருசி. ஜூன் 1 அன்று வரும் கவாய் டாயாக் அறுவடைத் திருநாளில் நெருப்போரம் இந்தக் குழாய்கள் வரிசையாகச் சாய்ந்திருக்கும்.

மூங்கிலில் கோட்டை விட்டால் மற்றது எதுவும் காப்பாற்றாது. அன்று வெட்டிய பச்சை மூங்கில் வேண்டும். மஞ்சளித்துக் காய்ந்தது கறி வேகுமுன் எரிந்து ஓட்டையாகிவிடும். ஒரு முழ நீளம், உள்வாய் ஆறேழு சென்டிமீட்டர் போதும். அடிக்கணுவை ஒட்டிக் கீழே வெட்டுங்கள். அதற்குக் கீழே இன்னொரு மூடிய கணுவறை இருந்தால் உள்ளே அடைபட்ட காற்று சூடேறி வெடிக்கும். இரண்டு பக்கமும் மூடிய துண்டை ஒருபோதும் நெருப்பில் வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றி, ஒழுகவில்லை என்று பார்த்த பிறகே கறியை இடுங்கள்.

ஒரு கிலோ நாட்டுக்கோழிக்கு இரண்டு குழாய். எலும்போடு சிறு துண்டுகளாக வெட்டி, நசுக்கிய எலுமிச்சைப்புல் (மலேசியத் தமிழர் சொல்லும் செராய்) 5 தண்டு, இஞ்சி இரண்டு விரல் அளவு, சின்ன வெங்காயம் 10, பூண்டு 6 பல், உப்பு 2 தேக்கரண்டி சேர்த்துப் பிசறுங்கள். புங்கா காந்தான் (இஞ்சி இனச் செடியின் வாசப்பூ) மொட்டு கிடைத்தால் ஒன்றை நறுக்கிப் போடலாம். சில கடைகளில் கோழிச்சாறு கட்டியைக் கரைத்து ஊற்றுகிறார்கள். மூங்கில் வாசத்தை அது அமுக்கிவிடும், வேண்டாம்.

குழாயில் முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாதீர்கள், பொங்கி வழிந்து சாறு நெருப்புக்குப் போய்விடும். குழாய்க்கு அரை டம்ளர் தண்ணீர். வாயை மரவள்ளிக் கொழுந்திலையால் அடைக்க வேண்டும். பச்சை இலையில் சயனைடு விடும் பொருள் உண்டு. அதனால் இலையை நன்றாக இடித்து, திறந்த பாத்திரத்தில் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, அந்த நீரைக் கொட்டிப் பிழிந்த பிறகு அடையுங்கள். ஆவி வெளியேறும்படி தளர்வாக இருக்கட்டும்.

தீ கொழுந்துவிட்டு எரிந்தால் மூங்கில் கருகும், கறி வேகாது. தணலின் மேல் சாய்த்து நிறுத்தி, கால் மணிக்கொரு முறை திருப்புங்கள். நாட்டுக்கோழிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். பிராய்லர் என்றால் ஒரு மணிக்குள் பார்த்துவிடுங்கள், இல்லையேல் நார் நாராகப் பிரியும். வெளிப்பச்சை பழுப்பேறி, இலை வழியே ஆவி இடைவிடாமல் வந்தால் பக்குவம் நெருங்கிவிட்டது. ஒரு துண்டை எடுத்து எலும்போரம் சிவப்பில்லை என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். சாறோடு கிண்ணத்தில் கவிழ்த்து, அந்த இலையையும் சேர்த்துச் சூடான சோற்றோடு சாப்பிடுவார்கள்.

மூங்கிலே கிடைக்காத ஊரென்றால் மண்சட்டியில் இதே அளவில், கறிமேல் வேகவைத்துப் பிழிந்த அந்த மரவள்ளி இலையைப் பரப்பி மூடி, சிறு தீயில் வையுங்கள். மூங்கில் வாசம் இருக்காது, செராய் மணக்கும் தெளிந்த சாறு கிடைக்கும்.